பாடு முறை (பழவேற்காடு)

பாடு முறை என்பது பழவேற்காடு ஏரியில் மீன்பிடி இடங்களை மீனவர்கள் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மரபுவழி ஏற்பாடு ஆகும். திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களை ஒட்டி அமைந்துள்ள இவ்வேரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. எனினும் கடலோடு இணைக்கும் முக்கியமான முகத்துவாரம் தமிழகப் பகுதியில், பழவேற்காடு ஊரின் அருகே இருக்கிறது. பாடு முறை தோன்றியதற்கும் நிலைத்ததற்கும் இம்முகத்துவாரமே அடிப்படை.

சொற்பொருள்

மீனவர் வழக்கில் பாடு என்பது வலையிடும் இடத்தையும், அவ்விடத்தில் ஒருவருக்கு வரும் முறையையும் குறிக்கும். கிடைத்த மீனின் அளவைக் குறிக்கும் மீன்பாடு என்ற சொல்லும் தமிழகக் கடற்கரையில் வழங்குகிறது. அன்றாடப் பேச்சில் பாடு என்றால் துன்பம் என்றும் பொருள் உண்டு.

செயல்படும் விதம்

இறால் குஞ்சுகள் கடலிலிருந்து ஏரிக்குள் வந்து வளர்ந்து, பின்னர் மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. வற்று நீரோட்டத்தின் வழியில் கழிகளை ஊன்றி வலை கட்டினால் அவற்றைப் பிடிக்கலாம். இதற்குச் சுத்துவலை பயன்படுகிறது. ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே என்பதால் கழி ஊன்றுவது எளிது. ஆனால் நீரோட்டம் வலுவாக உள்ள இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டியே உள்ளன; அவையும் சிலவே. எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் ஒருவர் வலையை மற்றவர் வலை மறைக்கும்.

ஆகவே பாடுகளுக்கான வரிசை குலுக்கல் மூலம் முடிவு செய்யப்படுகிறது. இன்று நல்ல பாட்டில் வலை கட்டிய குழு, அடுத்த முறையில் வேறு பாட்டிற்குச் செல்லும். இம்முறை பகிர்ந்தளிப்பது இடத்தையே தவிர, மீனை அன்று. தன் முறை வரும் நாளில் வலையில் ஒன்றும் விழாவிட்டால் அது அக்குழுவின் இழப்பே. பிணக்குகளை ஊர்ப் பஞ்சாயத்து தீர்த்து வைக்கிறது.

உரிமையும் விலக்கும்

பாடு உரிமை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தாரிடம் மரபாக இருந்து வருகிறது. இவ்வுரிமை ஆண்வழியில் செல்வது. ஏரியை நம்பி வாழும் மற்றவர்களுக்கு இதில் இடமில்லை. இருளர்கள் ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் சேர்க்கின்றனர். ஆகவே பாடு முறையை முழுமையான சமத்துவ ஏற்பாடாகக் கருத இயலாது. உள்ளிருப்போருக்கு அது நியாயமானது, வெளியே இருப்போருக்கு அடைத்த கதவு. இறால் ஏற்றுமதி வளர்ந்து புதியவர்கள் தொழிலுக்கு வந்தபோது இது மோதல்களுக்கும் காரணமாயிற்று.

ஆய்வுகள்

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1991-இல் பழவேற்காட்டின் மரபுவழி மீன்வள மேலாண்மை குறித்து செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வை வெளியிட்டது. சாரா கூல்தார்ட் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, ஏரியின் சூழல் மாற்றங்களுக்கு மீனவர்கள் எவ்வாறு தம்மைத் தகவமைத்துக் கொள்கின்றனர் என்பதை ஆராய்கிறது.

பிற இடங்களில்

இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கழிவலை மீன்பிடிப்பில் இதையொத்த குலுக்கல் முறை உண்டு. அங்கு அது 1958-இல் அரசு ஒழுங்குவிதிகளால் ஏற்கப்பட்டது. பழவேற்காட்டில் பாடு வழக்காறாகவே தொடர்கிறது.

முகத்துவாரச் சிக்கல்

கடல் அலைகள் கொண்டுவரும் மணலால் முகத்துவாரம் அவ்வப்போது தூர்ந்துவிடுகிறது. அப்போது நீரோட்டம் குன்றுகிறது. இறால் வருகை குறைகிறது. மீன்பிடிப் படகுகள் கடலுக்குச் செல்வதும் கடினமாகிறது. இதனால் முகத்துவாரத்தைத் தூர்வாரி நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கையாக இருந்து வந்துள்ளது. நீரோட்டமற்ற நாளில் முதற்பாடும் கடைசிப்பாடும் ஒன்றே.