நீர் வகுத்த வழிகள்: அல்புஹாரா மலைப்பாதைகளின் வரலாறு

தென் ஸ்பெயினில், சியர்ரா நெவாடா மலைத்தொடரின் தெற்குச் சரிவில், கிரனாடா, அல்மேரியா ஆகிய இரு மாகாணங்களிலும் பரந்து கிடக்கும் மலைநாட்டுக்கு அல்புஹாரா என்று பெயர். ஐபீரியத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான முலாசென் 3,479 மீட்டர் உயரத்தில் இந்நிலத்தின் தலைமாட்டில் நிற்க, மத்தியதரைக் கடல் அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலேயே தொடங்கிவிடுகிறது. இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் ஆறுகள் மலையை ஆழமாக அறுத்துப் பல பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கின்றன. அவற்றுள் பெயர்பெற்றது பொக்கெய்ரா. அதன் கிழக்குச் சரிவில் பம்பனெய்ரா, புபியோன், கப்பிலெய்ரா என்னும் மூன்று வெள்ளை ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. இன்று ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மலைநடைக்காக இங்கு மக்கள் வருகிறார்கள். பயண நூல்கள் இவ்விடத்தை இயற்கை எழிலின் உறைவிடமாகப் போற்றுகின்றன. அந்த எழிலில் பெரும்பகுதி மனித உழைப்பால் விளைந்தது என்பதையும், நடப்போர் கால்பதிக்கும் பாதைகள் நீரையும் பட்டுநூலையும் தானியத்தையும் கொண்டுசென்றவர்கள் விட்டுச்சென்றவை என்பதையும் அறியாமல் இந்நிலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

பொக்கெய்ராவிலும் அதை அடுத்த பள்ளத்தாக்குகளிலும் உள்ள பழைய பாதைகள் பெரும்பாலும் இரு வகைப்பட்டவை. முதல் வகைப் பாதை, மலைச்சரிவைச் சுற்றி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வளைந்து செல்வது. அதன் ஓரமாக ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது முன்னொரு காலத்தில் ஓடிய வாய்க்காலின் தடமாவது தென்படும். இரண்டாம் வகைப் பாதை, சரிவை எதிர்த்து நேரே ஏறுவது. செங்குத்தான இடங்களில் அது கல் பாவப்பட்டு, அடுத்தடுத்த குறுகிய திருப்பங்களாக மேலேறும். இத்தகைய கல்பாவிய ஏற்றத்தை அவ்வூரார் 'எஸ்கரிவெலா' என்கிறார்கள். முன்னது மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலைக் கண்காணித்து நடந்த மனிதனுக்காக அமைந்தது. பின்னது சுமையேற்றிய கோவேறு கழுதையின் குளம்புக்காக அமைக்கப்பட்டது. அல்புஹாராவின் வரலாறு முழுவதையும் இவ்விரு வகைப் பாதைகளின் வரலாறாகவே எழுதிவிடலாம்.

வாய்க்காலை இங்கு 'அசேக்கியா' என்று அழைக்கிறார்கள். சொல்லும் தொழில்நுட்பமும் இடைக்கால இஸ்லாமிய ஆட்சிக்காலத்தில் வேரூன்றியவை. கோடையில் மழை அரிதான இந்நாட்டில் வேளாண்மை முழுவதும் மலையுச்சிப் பனியையே நம்பியிருந்தது. ஆனால் பனி உருகுவது வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும், பயிருக்கு நீர் தேவைப்படுவதோ அதன் பின்னர் வரும் வறண்ட மாதங்களில். இந்த இடைவெளியை நிரப்ப மலைமக்கள் கண்ட வழி 'கரேயோ' எனப்படும் நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் முறையாகும். பனி உருகும் காலத்தில் ஓடைகளின் தலைப்பகுதியிலேயே நீரை மறித்து, மிக மென்மையான சாய்வுடன் வெட்டப்பட்ட மண் வாய்க்கால்களில் சரிவின் குறுக்கே வெகுதூரம் நடத்திச் சென்று, நீர் எளிதில் இறங்கக்கூடிய இடங்களில் வேண்டுமென்றே பரவவிட்டு நிலத்துக்குள் புகச் செய்வார்கள். மலையின் மேற்பரப்பில் உள்ள சிதைந்த பலகைப்பாறை அந்நீரை உறிஞ்சிக்கொண்டு மெல்லக் கீழ்நோக்கி நகர்த்தும். சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து அது தாழ்வான சரிவுகளில் ஊற்றாகப் பீறிட்டு, ஓடைகளையும் கீழ்வாய்க்கால்களையும் நிரப்பும். அணை கட்டாமல், மலையையே நீர்த்தேக்கமாக ஆக்கிக்கொண்ட முறை இது. பேர்ச்சுலெஸ் போன்ற ஊர்களில் இம்முறை இன்றும் வழக்கில் இருக்கிறது.

இந்த வாய்க்கால்கள் கசிவது குறைபாடு அன்று. கசிவதற்காகவே அவை மண்ணால் அமைக்கப்பட்டன. கசியும் நீரைக் குடித்தே வாய்க்கால் கரைகளில் செஸ்ட்நட் மரங்களும் ஆஷ் மரங்களும் முட்புதர்களும் அடர்ந்து வளர்ந்தன. வறண்ட மலைச்சரிவில் ஒரு பச்சைக் கோடு கிடையாக ஓடுவதைத் தொலைவிலிருந்து காண்பவர், அங்கே ஓர் அசேக்கியா செல்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அந்தக் கோட்டுக்கு மேலே மேய்ச்சல் நிலம், கீழே படிக்கட்டுபோல் அமைந்த பாசன வயல்கள் என்று நிலம் இரண்டாகப் பிரிந்துவிடும். புவியீர்ப்பால் மட்டுமே நீர் ஓடுவதால், வாய்க்காலின் மட்டத்தை ஒருமுறை முடிவுசெய்துவிட்டால் பிறகு வயல்களின் எல்லையையும் ஆலைகளின் இடத்தையும் ஊரின் இருப்பிடத்தையும் அதுவே தீர்மானித்துவிடும் என்பதை அல்-அந்தலூஸ் நீர்ப்பாசனத்தை ஆராய்ந்த வரலாற்றறிஞர் மிக்கெல் பார்செலோ விளக்கிக் காட்டினார். அல்-அந்தலூஸ் என்பது முஸ்லிம் ஆட்சியின் கீழிருந்த ஐபீரியப் பகுதி. வாய்க்கால் பிறந்த பிறகே ஊர் பிறந்தது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

நீரைப் பங்கிட்டுக்கொள்வதற்கு முறைப்பாசன ஒழுங்கு இருந்தது. ஒவ்வொரு வயலுக்கும் நாளும் வேளையும் வரையறுக்கப்பட்டிருந்தன. 'அசேக்கியெரோ' எனப்பட்ட நீர்க்காவலர், ஊராரால் நியமிக்கப்பட்டு, வாய்க்காலின் நெடுகிலும் நடந்து, சரிந்த கரையைப் புல்கட்டியாலும் கல்லாலும் அடைத்து, மடைகளைத் திறந்து மூடி, முறை தவறாமல் நீர் சேரச் செய்வார். ஆண்டுதோறும் பாசனப் பருவத்துக்கு முன் ஊரார் ஒன்றுகூடி வாய்க்காலைத் தூர்வாருவார்கள். இன்று மலைநடையர் மகிழ்ச்சியுடன் நடக்கும் அந்தச் சமதளப் பாதை, தலைமுறை தலைமுறையாக நீர்க்காவலர்கள் நடந்து நடந்து இறுகிய கரையே ஆகும்.

ஊர்களின் கட்டடக்கலையும் இதே சிக்கன அறிவிலிருந்து எழுந்தது. செஸ்ட்நட் உத்தரங்களின்மேல் தட்டையான பலகைக்கற்களைப் பரப்பி, அவற்றின்மேல் 'லாவுனா' எனப்படும் சாம்பல்நீல நிறக் களிமண்ணை அடர்த்தியாக இட்டு மிதித்துத் தட்டைக் கூரை அமைப்பார்கள்; ஈரம்பட்டதும் இம்மண் இறுகி, மழைநீரை உள்ளே விடாது தடுக்கும். வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைகளில் வாழும் பெர்பெர் மக்களின் வீடுகளோடு இவற்றுக்குள்ள நெருங்கிய ஒப்புமை பலராலும் சுட்டப்பட்டிருக்கிறது. ஸ்பெயினின் பிற பகுதிகளில் ஓட்டுக்கூரைகள் மிகுந்திருக்க, இங்கு தட்டைக் கூரைகள் நிலைத்து, அத்தியும் மிளகாயும் மக்காச்சோளமும் உலர்த்தும் களமாகவும் பயன்பட்டு வந்தன. தெருவின் குறுக்கே ஒரு வீட்டையும் எதிர்வீட்டையும் இணைத்து மேல்மூடியாக அமைந்த 'தினாவோ', நிழலுக்கும் பனிக்காலப் பாதுகாப்புக்கும் உதவியது.

நஸ்ரிது மரபினர் கிரனாடாவை ஆண்ட காலத்தில் (1238–1492) அல்புஹாராவின் செல்வம் பட்டு. வயல் வரப்புகளில் நின்ற முசுக்கொட்டை மரங்களின் இலையைத் தின்று வீடுகளுக்குள் பட்டுப்புழுக்கள் வளர்ந்தன. நூலாக்கப்பட்ட பட்டு கோவேறு கழுதைகளின்மேல் மலைப்பாதை வழியே இறங்கி, கிரனாடா, மாலகா, அல்மேரியா நகரங்களின் பட்டுச் சந்தைகளை அடைந்து, அங்கு வரி செலுத்தி விற்கப்பட்டது. செங்குத்தான கல்பாவிய பாதைகளுக்கு உயிர் கொடுத்தது இந்த வணிகமே. நிலம் ஒருவருக்கும் அதன்மேல் நின்ற மரம் வேறொருவருக்கும் சொந்தமாயிருந்த வழக்கம், பட்டின் மதிப்பு எத்தகையது என்பதைக் காட்டுகிறது.

1492 ஜனவரி 2ஆம் நாள் கிரனாடா கத்தோலிக்க அரசர்களிடம் சரணடைந்தபோது, ஐரோப்பியர் போவப்தில் என்றழைத்த கடைசி மன்னர் பன்னிரண்டாம் முகம்மதுவுக்கு அல்புஹாராவிலேயே நிலம் வழங்கப்பட்டது. ஆந்தராக்ஸ் பள்ளத்தாக்கில் சிறிது காலம் தங்கிய அவர் 1493இல் மொராக்கோவுக்குச் சென்றுவிட்டார். சரணாகதி உடன்படிக்கையில் உறுதியளிக்கப்பட்ட மதவுரிமை விரைவிலேயே மீறப்பட்டு, கட்டாய மதமாற்றமும் அதை எதிர்த்த முதல் எழுச்சியும் (1499–1501) நிகழ்ந்தன. இவ்வாறு கிறித்தவராக்கப்பட்ட முஸ்லிம்கள் 'மொரிஸ்கோ' எனப்பட்டார்கள். அரபு மொழி, உடை, குளியலறைகள், சடங்குகள் அனைத்தையும் தடைசெய்து இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை 1567இல் வெளியானதைத் தொடர்ந்து, 1568 கிறிஸ்துமஸ் வேளையில் பெருங்கலகம் வெடித்தது. வாலோர் ஊரைச் சேர்ந்த பிரபுவான பெர்னாந்தோ, அபென் உமேயா என்னும் பெயருடன் மன்னராக முடிசூட்டப்பட்டார்.

இப்போரில் பாதைகளே படைக்கலன்களாயின. அல்புஹாராவின் வாயிலான தப்லாத்தே பாலத்தைக் கலகக்காரர்கள் சிதைத்துவைக்க, 1569 ஜனவரியில் மொந்தேஹார் மார்க்கேசின் படை அதைப் போராடிக் கடந்தே உள்நுழைய முடிந்தது. கணவாய்களையும் குகைகளையும் நன்கறிந்த மலைமக்களை அடக்க, மன்னருக்கு ஒரே தந்தைவழி அரைச் சகோதரரான ஆஸ்திரியாவின் தோன் ஹுவானையே அனுப்பவேண்டியதாயிற்று. அபென் உமேயா 1569இல் தம்மவராலேயே கொல்லப்பட்டார். அவருக்குப் பின் தலைமையேற்ற அபென் அபூவும் 1571இல் அதே முடிவை அடைந்தார். கிரனாடா நாட்டு மொரிஸ்கோக்கள் ஏறத்தாழ 80,000 பேர் காஸ்தில் பகுதிகளுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். பட்டு சென்ற அதே பாதைகளில் அதை உருவாக்கியவர்களும் வெளியேற்றப்பட்டது இந்நிலத்தின் வரலாற்றில் ஆறாத புண்.

காலியான ஊர்களில் கலிசியா, லியோன், காஸ்தில், ஆந்தலூசியாவின் பிற பகுதிகள் ஆகியவற்றிலிருந்து கொண்டுவரப்பட்ட குடிகள் 1571 முதல் அமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்கு நிலத்தைப் பங்கிடுவதற்காக அரசு அலுவலர்கள் ஊர்தோறும் 'அப்பேயோ' எனப்பட்ட அளவைப் பதிவேடுகளை எழுதினார்கள். வயல், மரம், ஆலை ஆகியவற்றோடு வாய்க்கால்களும் நீர்முறைகளும் அவற்றில் பதிவாயின. மழையை நம்பி உழுது பழகிய வடநாட்டுக் குடிகளுக்கு இந்த நீர் நுட்பம் புதியது. பட்டுத்தொழில் நலிந்தது, பல வயல்கள் தரிசாயின, சில ஊர்கள் அறவே அழிந்தன. ஆயினும் வாய்க்கால்கள் ஓடின. மதமும் மொழியும் மாறின. நீரின் ஒழுங்கு மாறவில்லை. ஏனெனில் அதைக் கைவிட்டால் அங்கு யாராலும் வாழ முடியாது என்பதை வந்தவர்களும் விரைவில் உணர்ந்துகொண்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறு வகையான நடையர்கள் வரத்தொடங்கினார்கள். 1804–1805இல் சிமோன் தெ ரோஹாஸ் கிளெமெந்தே என்னும் இயற்கையியலாளர் இம்மலைகளின் தாவரங்களையும் உயரங்களையும் ஆராய்ந்தார். 1837இல் ஜெனீவாவைச் சேர்ந்த தாவரவியலாளர் எத்மோன் புவாஸியே இங்கு சேகரித்தவற்றைக் கொண்டு சியர்ரா நெவாடாவின் தாவர வளத்தை ஐரோப்பிய அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1872இல் எழுத்தாளர் பெத்ரோ அந்தோனியோ தெ அலர்கோன் குதிரையேறி இந்நாட்டைச் சுற்றிவந்து, 1874இல் அதைப் பயண நூலாக்கினார். 1879இல் கார்லோஸ் இபாஞ்யெஸ் என்னும் ஸ்பானியப் புவியளவையாளரும் பிரான்சுவா பெரியே என்னும் பிரெஞ்சு அதிகாரியும் ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் முக்கோண அளவையால் இணைத்தபோது, முலாசென் உச்சிக்கு நீராவி எந்திரமும் மின்னாக்கியும் ஏற்றப்பட்டு, அங்கு எரிந்த மின்விளக்கின் ஒளி ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவிலிருந்த அல்ஜீரிய மலைகளில் காணப்பட்டது. அவ்வளவு பாரத்தை அவ்வுயரத்துக்கு ஏற்ற முடிந்தது, மனிதரும் விலங்குகளும் நெடுங்காலமாக மலையேறிப் பழகியிருந்ததால்தான்.

இன்பத்துக்காக மலையேறும் வழக்கம் கிரனாடா நகரத்தாரிடையே அந்நூற்றாண்டின் இறுதியில் வளர்ந்து, 1912இல் சியர்ரா நெவாடா சங்கம் உருவாக வழிகோலியது. ஆங்கில எழுத்தாளர் ஜெரால்டு பிரெனன் 1920இல் யெஹென் என்னும் சிற்றூரில் வீடு வாடகைக்கு எடுத்து, 1934 வரை இடையிடையே அங்கு வாழ்ந்தார். அவரைக் காண 1923இல் வர்ஜீனியா வுல்ஃபும் அவருடைய கணவரும் வந்தார்கள். 1957இல் வெளிவந்த பிரெனனின் நினைவு நூல், கோவேறு கழுதைப் பாதைகளால் மட்டுமே வெளியுலகோடு இணைந்திருந்த ஒரு சமூகத்தின் கடைசிச் சித்திரமாக விளங்குகிறது.

அச்சமூகம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குலைந்தது. 1950களிலும் 1960களிலும் இளைஞர்கள் கத்தலோனியாவுக்கும் ஜெர்மனிக்கும் வேலை தேடிச் சென்றார்கள். சாலைகள் வந்ததும் கல்பாவிய பாதைகள் பயனிழந்தன. வெளியேற்றம் ஒருபுறம் நடக்க, பாதுகாப்பு அறிவிப்புகள் மறுபுறம் வந்தன: பொக்கெய்ரா பள்ளத்தாக்கு 1982இல் வரலாற்றுத் தொகுதியாகவும், சியர்ரா நெவாடா 1986இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாகவும், 1999இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டன. நெடுந்தூர நடைவழிகளும் குறியிடப்பட்டன. ஐரோப்பிய வலைப்பின்னலைச் சேர்ந்த ஜி.ஆர். 7 வழி அல்புஹாரா ஊர்களை ஊடறுத்துச் செல்ல, 'சுலைர்' எனப் பெயரிட்ட ஜி.ஆர். 240 வழி ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்தில் மலைத்தொடரையே வலம் வருகிறது. இவற்றின் பல பகுதிகள் பழைய வாய்க்கால் கரைகளும் கழுதைப் பாதைகளுமே.

ஆனால் குறியீட்டுப் பலகையால் மட்டும் ஒரு பாதை வாழ்ந்துவிடாது. தூர்வார ஆளில்லாத வாய்க்கால் ஓரிரு ஆண்டுகளில் உடைகிறது; நீரிழந்த செஸ்ட்நட் மரங்கள் காய்கின்றன; கீழே ஊற்று வற்றுகிறது; சுவர் சரிந்து பாதையை மூடுகிறது. நீரைச் சேமிப்பதாக எண்ணி வாய்க்கால்களைச் சிமெண்டிட்டும் குழாய்க்குள் அடைத்தும் செய்த 'சீர்திருத்தங்கள்', கசிவையே நம்பியிருந்த மரங்களையும் ஊற்றுகளையும் பல இடங்களில் வறளச் செய்தன. இதனை உணர்ந்த கிரனாடா பல்கலைக்கழகத் தொல்லியல் ஆய்வாளர்கள் 2014 முதல் ஊர்ப் பாசன சங்கங்களோடும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து, கைவிடப்பட்ட அசேக்கியாக்களை மண்வெட்டியால் தோண்டி மீண்டும் நீரோடச் செய்து வருகிறார்கள். ஆவணத்தில் இல்லாத நுட்பங்களுக்கு முதிய நீர்க்காவலர்களின் நினைவே அவர்களுக்கு வழிகாட்டி.

அல்புஹாராவின் ஆயிரமாண்டு வரலாறு உணர்த்துவது இதுவே: மலையழகைக் காப்பது என்பது அதை மனிதக் கைபடாமல் விட்டுவிடுவது அன்று, அதை உண்டாக்கிய உழைப்பைத் தொடர்வதே ஆகும். பனி குறைந்து வறட்சி பெருகும் இக்காலத்தில், உருகும் நீரை மலைக்குள்ளேயே சேமித்துவைக்கும் கரேயோ முறை பழமையின் மிச்சமாக அன்றி நாளைய தேவையாகவே மதிக்கப்பட வேண்டும். நடைவழிகளுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு நீர்க்காவலரின் ஊதியமாகவும் வாய்க்காலின் பராமரிப்பாகவும் சென்று சேருமானால் நடையருக்குப் பாதையும், ஊராருக்கு வாழ்வும் ஒருங்கே நிலைபெறும்.