வென்றான் என்ற விகுதி

கோடையில் கண்மாய் வற்றினால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அது மைதானம். அதே கண்மாய்க்குள் பெண்பிள்ளைகளும் இறங்குவார்கள், சீமைக்கருவேல விறகு பொறுக்க. ஊரின் பெயர் எப்போதும்வென்றான். தமிழ் படித்தவளுக்கு அந்த ஆண்பால் விகுதி உறுத்தாமல் இருக்குமா?

ஊரை ஒட்டி வடக்கே போகும் நெடுஞ்சாலை மதுரையைத் தொடுகிறது. அந்த மதுரையின் சேது எஃப்சி பெண்கள் அணி 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வீழ்த்தி, இந்திய மகளிர் லீக்கில் சாம்பியன் ஆனது. எனக்கோ அந்தக் கோப்பையைவிட இரண்டாம் டிவிஷன்மீதுதான் அக்கறை.

ஆண்களுக்கான தேசிய லீக் 1996இல் தொடங்கியது. மறு ஆண்டே அதற்கு இரண்டாம் டிவிஷனும் வந்துவிட்டது. பெண்கள் கால்பந்துக்கென 1975இலேயே இங்கு தனிச் சம்மேளனம் இருந்தது. 1983 ஆசியப் போட்டியில் நம் பெண்கள் இரண்டாமிடம் பிடித்தார்கள். ஆனாலும் அவர்களுக்கு முதல் தேசிய லீக் கிடைத்தது 2017 ஜனவரியில். இரண்டாம் டிவிஷன் 2023-24 பருவத்தில். ஆண்களின் இரண்டாம் படி, பெண்களின் முதல் படியைவிட இருபது ஆண்டு மூத்தது.

நட்சத்திரங்கள் எப்படியாவது மேலே வந்துவிடுவார்கள். சுமாராக ஆடுகிறவளுக்குத்தான் கீழ்ப்படி வேண்டும். தோற்க, காயம் ஆற, பரீட்சை முடித்துத் திரும்பிவர ஓர் இடம். சுமாரான ஆணுக்கு அது இருந்தது. சுமாரான பெண்ணுக்குக் கல்யாணம் இருந்தது.

அமேசான் மழைக்காட்டு நகரமான மனௌஸில் 1973 முதல் ‘பெலாடாவ்’ என்ற அமெச்சூர் கால்பந்துப் போட்டி நடக்கிறது. ஒவ்வொரு அணியும் அழகிப் போட்டிக்கு ஒரு பெண்ணை அனுப்பும். தோற்று வெளியேறிய அணி, அவள் முன்னேறினால் மறுபடி உள்ளே வரலாம். பெண்கள் கால்பந்து ஆடக்கூடாது என்று 1941 முதல் 1979 வரை தடை போட்டிருந்த நாடு அது. அவள் காலை நம்பாதவர்கள் முகத்தை நம்பியிருக்கிறார்கள்.

போன பருவத்தில் ஒரு மாணவி விடுப்புக் கடிதத்தோடு வந்தாள்.

“மேட்ச் இருக்கு மேம். தோத்துருவோம்னு தெரியும். இருந்தாலும் போகணும்.”

காரணம் என்ற இடத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுதியிருந்தாள். அடித்துவிட்டு ‘கால்பந்து’ என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.