கோட்பாட்டு வேதியியல் உயர்கல்வி: முன்னாயத்தத்தின் வரலாறு

கோட்பாட்டு வேதியியல் என்பது மூலக்கூறுகளின் கட்டமைப்பு, பிணைப்பு, வினை ஆகியவற்றை இயற்பியல் விதிகளையும் கணிதத்தையும் கொண்டு விளக்கும் துறை ஆகும். இதில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்பவர் அதற்கு முன் வேதியியல் படித்திருக்க வேண்டுமா, கணிதம் படித்திருக்க வேண்டுமா என்ற கேள்வி துறையின் தொடக்கம் முதலே உள்ளது. இத்துறை முன்னோடிகள் இரு வழிகளிலும் வந்துள்ளனர்.

தோற்றம்

1927 இல் வால்டர் ஹைட்லர், பிரிட்ஸ் லண்டன் என்னும் இயற்பியலாளர்கள் ஐதரசன் மூலக்கூறின் பிணைப்பைக் குவாண்டம் இயங்கியலைக் கொண்டு விளக்கினர். அதைப் பின்தொடரத் தேவையான கணிதம் அன்றைய வேதியியல் மாணவர் பலரிடம் இல்லை.

வேதியியலிலிருந்து வந்தவர்

லைனஸ் பாலிங் 1922 இல் வேதிப் பொறியியலில் பட்டம் பெற்றார். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1925 இல் முனைவரான பின், 1926 இல் மியூனிக் சென்று சாமர்பெல்டிடம் குவாண்டம் இயங்கியலைக் கற்றார். வேதிப்பிணைப்பு பற்றிய ஆய்வுக்காக 1954 இல் நோபல் பரிசு பெற்றார்.

கணிதத்திலிருந்து வந்தவர்

கேம்பிரிட்ஜில் 1932 இல் கோட்பாட்டு வேதியியல் பேராசிரியரான லெனார்ட்-ஜோன்ஸ் அடிப்படையில் கணிதம் பயின்றவர். அவரிடம் ஆய்வு செய்த ஜான் போப்பிள், பள்ளியில் 15 வயதிலேயே வேதியியல் பாடத்தை விட்டவர். கேம்பிரிட்ஜில் கணிதமே படித்தார். 1951 இல் முனைவர் பட்டமும், 1998 இல் வேதியியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். எனினும் அவர் உருவாக்கிய கணக்கீட்டு முறைகள் வேதியியலாளரின் கேள்விகளுக்கே விடை தேடின.

இடைவெளியை நிரப்பிய முயற்சிகள்

1951 இல் ரூதான், ஹால் ஆகியோர் தனித்தனியே மூலக்கூறுக் கணக்கீட்டை அணிச் சமன்பாடுகளாக மாற்றினர். அதனால் நேரியல் இயற்கணிதம் இத்துறையின் அன்றாடக் கருவியாயிற்று. வேதியியல் மாணவர்களை மனத்தில் கொண்டு கோல்சன் எழுதிய 'வேலன்ஸ்' நூல் 1952 இல் வெளிவந்தது. சுவீடனில் லோவ்டின் 1958 முதல் கோடைப் பள்ளிகளை நடத்தினார்.

இன்றைய முன்னாயத்தம்

வேதியியல் மாணவர்கள் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள், குவாண்டம் இயங்கியல், புள்ளியியல் இயங்கியல், கணினி நிரலாக்கம் ஆகியவற்றைக் கூடுதலாகக் கற்பது பயன் தரும். கணித, இயற்பியல் மாணவர்களுக்குக் கரிம, கனிம வேதியியல் அடிப்படைகள் தேவை. இளநிலையில் விடுபட்ட பாதியைப் பின்னர் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்குப் பாலிங்கும் போப்பிளும் சான்றாக உள்ளனர்.