நெஞ்சுவலி, ஆனா இ.சி.ஜி. நார்மல்: ஒரு சிறு வரலாறு

அவசரப் பிரிவில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து ஊற்ற, இதோ சாகப் போகிறேன் என்ற முகத்தோடு வருவார். இ.சி.ஜி. எடுப்பார்கள், நார்மல். ரத்தப் பரிசோதனை, அதுவும் நார்மல். "ஒண்ணும் இல்ல, கேஸா இருக்கும், வீட்டுக்குப் போங்க." கூட வந்தவர்களுக்கு நிம்மதி, கொஞ்சம் எரிச்சலும்தான். வந்தவருக்கு மட்டும் குழப்பம் தீராது. ஒன்றும் இல்லையென்றால், இவ்வளவு நேரம் உயிர் போவது போல இருந்ததே, அது என்ன?

இந்த "ஒண்ணும் இல்ல" என்ற வார்த்தைக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம்ம நெய்யூரும் குளச்சலும் வருகின்றன என்பதால்தான் எழுதத் தோன்றியது. நான் படிப்பது பி.காம்., மருத்துவம் அல்ல. ஆனால் கணக்குப் பதிவியலில் ஒன்று சொல்லித் தருவார்கள்: ஏட்டில் ஏறாத சரக்கு, கடையில் கண்முன்னே இருந்தாலும் கணக்கில் இல்லை. அவசரப் பிரிவின் ஏட்டில் பயமும் துக்கமும் ரொம்ப காலம் அப்படித்தான் கிடந்தன.

அதை ஏட்டில் ஏற்றப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேக்கப் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர். அங்கே உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல் என்று வந்தார்கள். இதயத்தைச் சோதித்தால் பெரிதாகக் கோளாறு எதுவும் தெரியவில்லை. அவர்களை அவர் பொய்யர்கள் என்று தள்ளிவிடவில்லை. 1871-ல் விரிவாக எழுதி வெளியிட்டார். ஆனால் அவரும் அதை இதயத்தின் பிரச்சனையாகத்தான் பார்த்தார். பயத்துக்குத் தனியாக ஒரு பத்தி போட அன்றைக்கு ஏடே இல்லை.

அவசர சிகிச்சை என்ற முறையே போரில் பிறந்தது. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தைப் பார்த்து வரிசைப்படுத்தச் சொன்னார். ஜெனரலாக இருந்தாலும் சின்னக் காயம் என்றால் காத்திருக்க வேண்டும். அருமையான நியாயம். ஆனால் கண்ணால் பார்க்கக்கூடிய காயத்துக்குத்தான் அந்த வரிசையில் இடம்.

இப்போது நெய்யூருக்கு வருகிறேன். 1838-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அப்போது நாமெல்லாம் திருவிதாங்கூர். அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வந்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஹோவர்ட் சாமர்வெல். எவரெஸ்ட் ஏறப் போனவர் என்றுதான் பலரும் அவரைச் சொல்வார்கள். எனக்கு அவருடைய மலையைவிட, மலைக்கு முந்தைய கதைதான் முக்கியமாகப் படுகிறது.

1916 ஜூலை 1, பிரான்சில் சோம் போர். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் 19 ஆயிரத்துக்கு மேல். காயம்பட்டவர்களையும் சேர்த்தால் 57 ஆயிரத்தைத் தாண்டும். சாமர்வெல் அங்கே ஒரு கள மருத்துவமனையில் இருந்தார். கூடாரத்துக்குள் அறுவை மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். வெளியே ஸ்ட்ரெச்சர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாகக் கிடந்தார்கள். கிடைத்த இடைவெளியில் அவர் வெளியே போய் அவர்களோடு பேசினார். ஒருவர்கூட "என்னை முதலில் பாருங்கள்" என்று கேட்கவில்லை. அதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை, போரை வெறுப்பவராக மாறினார்.

அந்த மௌனத்தை அவர் பெருந்தன்மையாகக் கண்டார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அதிர்ச்சியில் உறைந்துபோனவனும் எதையும் கேட்கமாட்டான். ஒரு வருடம் முன்பு, 1915-ல்தான் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் "ஷெல் ஷாக்" என்ற பெயரை மருத்துவ இதழில் எழுதியிருந்தார். உடம்பில் காயமே இல்லாமல் நடுங்கியவர்களும், பேச்சு நின்றவர்களும் இருந்தார்கள். கோழை என்று பட்டம் வாங்கியவர்களும் இருந்தார்கள்.

1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த சாமர்வெல் நெய்யூரில் கண்டது, ஒரே ஒரு அறுவை மருத்துவரையும் முடிவில்லாத நோயாளி வரிசையையும்தான். லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். அந்த வரிசையைப் பார்த்தபோது அவருக்கு சோம் ஞாபகம் வந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நெய்யூரில் அவர் செய்த அறுவைகளில் குடல்புண், அதாவது அல்சர், நிறைய. அல்சர் என்றாலே கவலைதான் காரணம் என்று பல மருத்துவர்கள் நம்பிய காலமும் இருந்தது. 1980-களில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற ஆஸ்திரேலியர்கள் ஒரு பாக்டீரியாவைக் காட்டினார்கள், 2005-ல் நோபல் வாங்கினார்கள். ஆக, உடம்பு நோயை "மனசுதான்" என்று தள்ளுவதும் நடந்திருக்கிறது. அதனால்தான் முதலில் இ.சி.ஜி. எடுக்கிறார்கள், எடுக்கத்தான் வேண்டும். எடுத்த பிறகு என்ன என்பதுதான் கேள்வி. 1983-ல் சிக்மண்ட், ஸ்நேத் என்ற இருவர், ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கென்றே 14 கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். பதற்றத்துக்கு 7, மனச்சோர்வுக்கு 7. தலைவலி, மயக்கம் மாதிரி உடம்பு அறிகுறிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அவை நோயாலேயே வரலாம். ஐந்து நிமிட வேலை. ஏட்டில் ஒரு பத்தி கிடைத்துவிட்டது.

நம்ம மாவட்டத்தில் அந்தப் பத்தியை யாரும் மறுக்க முடியாமல் போனது 2004 டிசம்பர் 26 அன்று. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. மாவட்டத்தில் சுமார் 800 பேர் இறந்தார்கள். மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்துக்கொண்டு போனது. குழி குழியாகத் தோண்ட நேரமில்லாமல் கூட்டமாகப் புதைத்தார்கள்.

காயத்துக்குக் கட்டுப்போட்டார்கள், கடல்தண்ணீர் குடித்தவர்களைப் பார்த்தார்கள். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மத்திய உள்துறை அமைச்சகம் இன்னொரு அலை வரலாம் என்று எச்சரிக்கை விட்டது. அலை வரவில்லை. ஆனால் கடற்கரை முழுக்க ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2005 மார்ச் 28 ராத்திரி சுமத்ரா பக்கம் மறுபடி பெரிய நிலநடுக்கம், மறுபடி ஓட்டம். தண்ணீர் ஒரு முறைதான் ஊருக்குள் வந்தது. பயம் எத்தனை முறை வந்தது என்று யாரால் எண்ண முடியும்? பேடிச்சுப் போனவனுக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவதும், பங்குத்தந்தையிடம் ஜெபிக்கச் சொல்வதும்தான் நம்ம பக்கத்து வழக்கம். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. யாரோ ஒருவர் நம் பயத்தைப் பயமாகவே எடுத்துக்கொள்கிறார் அல்லவா!

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வந்து, உள்ளூர் ஆட்களுக்கே மனநல உதவி செய்யப் பயிற்சி கொடுத்தது அப்போதுதான். இலங்கையிலும் அதே சமயம் வெளிநாட்டு ஆலோசகர்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். அங்கே ஒரு நல்ல விவாதம் எழுந்தது. மேற்கில் கெட்ட கனவையும் நடுக்கத்தையும் அறிகுறி என்கிறார்கள், இங்கே உள்ளவர்களோ உறவு அறுந்துபோனதைத்தான் பெரிய காயமாகச் சொல்கிறார்கள் என்று. குளச்சலில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களை நினைத்தால் அது சரி என்றே படுகிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். கிடைத்த உடல்களை டி.என்.ஏ. பார்த்து அடையாளம் கண்டார்கள். பலருக்கு அதுவும் இல்லை. காணாமல் போனவர் இறந்துவிட்டதாகக் கொள்ளச் சட்டப்படி ஏழு வருடம் ஆகவேண்டும். அதைத் தளர்த்தித்தான் நிவாரணம் கொடுத்தார்கள். பணம் ஏட்டில் ஏறிவிட்டது. உடலைப் பார்க்காமல் துக்கத்தை எந்தத் தேதியில் பதிவது?

இன்னொரு வகை நோயாளியையும் சொல்லியாக வேண்டும். தற்கொலைக்கு முயன்று, பிழைத்து, தூக்கிவரப்பட்டவர். 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 309-ன்படி அவர் குற்றவாளி, ஒரு வருடம் வரை சிறை. அதனால் குடும்பத்தார் "தெரியாம குடிச்சிட்டாங்க" என்று எழுதச் சொல்வார்கள். அப்படி எழுதிவிட்டால் மனசைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 115, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் வந்தபோது பழைய 309 அதில் இல்லை. இதை இன்னும் தெரியாமல் பொய் எழுதச் சொல்லும் குடும்பங்களுக்கு யாராவது சொல்லிவிடுங்கள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு இப்படிச் சட்டமெல்லாம் கிடையாது. நார்மல் என்ற சீட்டை வாங்கிய பிறகு, மனநலப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லி அவரே கேட்கலாம். 2022 அக்டோபரிலிருந்து டெலி மனஸ் என்று 14416 எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.