வலுக்கார வினையூக்கிகள்

கரிமச் சேர்மத்திலிருந்து ஒரு புரோட்டானைப் பறித்து, புதிய கார்பன்–கார்பன் பிணைப்புக்கு வழிவிடும் காரங்கள். வினை முடிவில் புரோட்டானைத் திருப்பித் தந்துவிடுவதால் சிறிதளவே போதும். ஆனால் எல்லாக் காரமும் பொருந்தாது: எஸ்டர் உள்ள மூலக்கூறில் காஸ்டிக் சோடாவின் நீர்க்கரைசலை ஊற்றினால் எஸ்டர் உடைந்து, சோப்புத் தயாரிப்பில் போல, காரமே செலவாகிவிடும். தேர்ந்த தொகுப்புக்குத் தேவை, புரோட்டானை மட்டும் கவர்ந்து, கார்பனைத் தாக்காத காரம்.

இவ்வகையில் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் வெர்கேட் உருவாக்கிய கூண்டு வடிவப் பாஸ்பரஸ் காரம் அழகான வடிவமைப்பு. பாஸ்பரஸ் புரோட்டானை ஏற்றதும், கூண்டின் எதிர்முனையிலுள்ள நைட்ரஜன் உள்ளிருந்தே அதனுடன் பிணைந்து தாங்குகிறது. இக்காரத்தின் இணை அமிலத்தின் பிகேஏ மதிப்பு (இது உயர உயரக் காரம் வலுவானது) அசிட்டோநைட்ரைலில் சுமார் 33. பரவலாகப் பயன்படும் டிபியூ என்ற காரத்துக்கு இது சுமார் 24. ஓர் அலகு பத்து மடங்கு என்பதால் இடைவெளி மிகப் பெரிது.

இந்தியாவில் குறிப்பிடத்தக்க பணி ஐதராபாத்தின் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் நடந்தது. பி. எம். சௌத்ரி, எம். லட்சுமி காந்தம் குழுவினர் நானோபடிக மெக்னீசியம் ஆக்சைடைத் திண்மக் காரமாகக் கொண்டு, ஆல்டிஹைடையும் கீட்டோனையும் இணைத்துக் கால்கோன்களையும், அவற்றிலிருந்து ஓர் ஆடிவடிவம் மிகுந்த எப்பாக்சைடுகளையும் பெற்றனர். 2004இல் முடிவுகள் வெளியாயின. வடிகட்டி மீண்டும் பயன்படுத்த முடிவதே இதன் பெரும் பயன்.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் திண்மக் காரப் பரப்பை மூடிச் செயலிழக்கச் செய்யும். பயன்படுத்துமுன் சூடாக்கி அவற்றை நீக்க வேண்டும்.