அறுத்த இடத்தைக் கழுவுற கதை

யுகாதிக்கு மறுநாள் எங்க ஓசூர் பக்கம் வந்து பாருங்க. முதல் நாள் ஒப்பட்டு, வேப்பம்பூ வெல்லம்னு சுத்த சைவம். மறுநாள் ஹொசதொடக்கு. அன்னைக்கு கறி வேகாத வீடு கம்மி. பத்து வீடு சேர்ந்து ஒரு கெடா வாங்குவோம். தோப்புல வச்சு அறுத்து, வாழை இலையில கூறு போட்டுப் பிரிச்சுக்குவோம். இதே வழக்கம் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவுலயும் உண்டு.

ஆடு எவ்வளவுக்கு வாங்கினோம், கூறு எத்தனைன்னு ஊரே பேசும். அறுத்த இடத்தை யாரு, எப்படிக் கழுவினாங்கன்னு யாரும் எழுதி வச்சதில்லை. பொம்பளைங்க செஞ்ச வேலைங்கிறதால விட்டுட்டாங்களோ என்னமோ. ஆனா அந்த வேலைக்கும் ஒரு சரித்திரம் இருக்குங்க.

எங்க ஆயா காலத்துல கறி போட ரெண்டே சாமான்தான். ஒண்ணு கருங்கல் பலகை. கிருஷ்ணகிரி பூமியில கல்லுக்கா பஞ்சம்? இன்னொண்ணு புளியமரத்துக் கட்டை. வேலை முடிஞ்சதும் முதல்ல பச்சைத் தண்ணி ஊத்துவாங்க. சுடுதண்ணி கூடவே கூடாது. சூடு பட்டா ரத்தம் முட்டை வெந்த மாதிரி உறைஞ்சு கல்லோட ஒட்டிக்கும். அப்புறம் விறகு சாம்பலும் தேங்காய் நாரும். நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு, சுண்ணாம்புத் தண்ணியை ஊத்தி ராத்திரி பூரா விட்ருவாங்க. காலையில கழுவினா வெயில் பார்த்துக்கும். கட்டைக்கு மட்டும் வேற வைத்தியம். கத்தியால மேலாக்க சுரண்டி, கல்லுப்பை அள்ளிக் கொட்டி விடணும். உப்பு ஈரத்தை இழுத்துடும். ஈரம் இல்லாத இடத்துல கிருமிக்குப் பிழைப்பு இல்ல.

இதுல வரிசை ரொம்ப முக்கியம். சாம்பல்ல இருக்கிற காரம் கொழுப்பைப் பிடிச்சு சோப்பு மாதிரி ஆக்கிடும். இங்க போர் தண்ணி உப்புத் தண்ணி, சோப்பு நுரைக்காது. சாம்பல் அந்தத் தண்ணியையும் கொஞ்சம் மெதுவாக்கும். ஆனா சாம்பல் அழுக்கை எடுக்குமே தவிர, கிருமியைக் கொல்ற வேலை சுண்ணாம்போடது. கொழுப்பு போகாத கல்லு மேல சுண்ணாம்பு ஊத்தினா அது கொழுப்புக்கு மேலயே உக்காந்துக்கும், அடியில இருக்கிற கிருமிக்கு ஒண்ணும் ஆகாது.

இனி பாரிசுக்கு ஒரு நடை போயிட்டு வரலாம். 1820 வாக்குல அந்த ஊர்ல ஆடு மாட்டுக் குடலைச் சுத்தம் பண்ணி வயலின் தந்தி மாதிரி சாமான் செய்யிற பட்டறைங்க இருந்துச்சு. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். அதைப் போக்க வழி சொன்னா பரிசுன்னு அறிவிச்சாங்க. லபாராக்குங்கிற மருந்து தயாரிப்பாளர் குளோரின் ஏத்தின சுண்ணாம்புக் கரைசலும் சோடாக் கரைசலும் வச்சு செஞ்சு காட்டி அந்தப் பரிசை வாங்கினார். குளோரின் ஏத்தின சுண்ணாம்புன்னா என்னன்னு நினைக்கிறீங்க? நம்ம பிளீச்சிங் பவுடர்தான். ஸ்காட்லாந்துல டென்னன்ட்ங்கிறவர் துணி வெளுக்கிறதுக்காக 1799ல காப்புரிமை வாங்கின சரக்கு. நீத்துன சுண்ணாம்பு மேல குளோரின் வாயுவை விட்டா அது கிடைக்கும். இயற்கை வேறே, கெமிக்கல் வேறேன்னு சண்டை போடுறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். பிளீச்சிங் பவுடர் நம்ம சுண்ணாம்புக்குப் பேரன் முறை.

அந்தப் பேரன் 1847ல வியன்னா ஆஸ்பத்திரிக்குப் போனான். பிரேதத்தை அறுத்துட்டு வந்த கையோட டாக்டருங்க பிரசவம் பார்த்துக்கிட்டிருந்த காலம். செம்மல்வெய்ஸ்ங்கிற டாக்டர், பிளீச்சிங் பவுடர் கரைசல்ல கை கழுவிட்டு உள்ள போங்கன்னார். பிரசவக் காய்ச்சல்ல நூத்துக்கு பத்துக்கு மேல செத்துக்கிட்டிருந்தாங்க, சில மாசத்துல அது ரெண்டு கிட்ட இறங்குச்சு. அவர் அந்தச் சரக்கைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம், கையில இருந்த பிரேத வாடையை அது எடுத்ததுதான். கிருமின்னு ஒண்ணு இருக்குதுன்னு அப்ப யாருக்கும் சரியாத் தெரியாது. குடல் பட்டறைக்காரனும் அந்த டாக்டரும் மூக்கை நம்பித்தான் போனாங்க. எங்க ஆயாவும் கல்லை மோந்து பார்த்துட்டுத்தான் எந்திரிப்பாங்க.

சுண்ணாம்பை ரொம்பவும் தூக்கி வைக்க வேண்டாம். 1898ல பெங்களூர்ல பிளேக் வந்துச்சு. அங்கிருந்து எங்க ஊர் 40 கிலோமீட்டர்தான். அந்தப் பிளேக் வருஷங்கள்ல நம்ம நாட்டுல பல ஊர்ல கூரையைப் பிரிச்சு வெயில் விட்டு, சுவர் பூரா சுண்ணாம்பு அடிச்சாங்க. பிளேக்கைப் பரப்புறது எலி மேல இருக்கிற தெள்ளுப்பூச்சின்னு அதே வருஷம் கராச்சியில சைமண்டுங்கிற பிரெஞ்சு டாக்டர் கண்டுபிடிச்சார். சுவருக்கு அடிச்ச சுண்ணாம்பு தெள்ளுப்பூச்சியை என்ன பண்ணும்?

எங்க ஊர்ல இந்தக் கழுவுற வரிசை அறுந்துபோனது பிளீச்சிங் பவுடராலயோ பினாயிலாலயோ இல்லை, அடுப்பாலதான். 1970கள்ல சிப்காட் வந்துச்சு, நிலம் போச்சு, ஆளுங்க ஷிப்டுக்குப் போனாங்க. அப்பவும் வீட்ல விறகு எரிஞ்சுது. 2006 தேர்தலுக்கு அப்புறம் இலவச கேஸ் அடுப்பு வந்துச்சு. அதைத் தப்பு சொல்ல மாட்டேன், புகையில கண்ணு போன பொம்பளைங்க எத்தனை பேரு. ஆனா கேஸ் அடுப்புல சாம்பல் ஏது? சாம்பல் போனதும் நடு வேலை போச்சு. இப்ப ரத்தத்தைத் தண்ணியில தள்ளிட்டு நேரா பிளீச்சிங் பவுடரைத் தூவுறாங்க. ரத்தமும் கொழுப்பும் மிச்சம் இருந்தா குளோரின் அதுங்களோடவே செலவாகிப் போயிடும். வாடை மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி அடிக்கும்.

சாம்பல் வேணும்னு தேடுறவங்க ஒண்ணைப் பார்த்துக்கணும். இங்க கம்பெனியில இருந்து வர்ற பேக்கிங் பெட்டி, பேலட் கட்டையை விறகா எரிக்கிறாங்க. பெயின்ட்டு, பசை, என்ன மருந்து அடிச்சதோ தெரியாது. அந்தச் சாம்பல் கறிக்கல்லுக்கு ஆகாது. வேலிக்காத்தானோ புளியவிறகோ எரிச்ச சாம்பல்தான் வேணும். தண்ணியும் அப்படித்தான். கெலவரப்பள்ளி அணையில தென்பெண்ணை நுரை பொங்கி நிக்கிறதை டிவியில பார்த்திருப்பீங்க. பெங்களூர்க் கழிவு கலந்து வர்ற அந்தத் தண்ணி ஓடுற கால்வாய்ல கறிப் பாத்திரம் அலசினா, கழுவினதுக்கு அர்த்தமே இல்லை.

சாணி தெளிக்கிறதைக் கேட்பீங்க. மண் தரையில தூசி அடங்க, தரை கெட்டியாக சாணி நல்லது. கிருமியைக் கொல்லும்னு நான் சொல்ல மாட்டேன், சாணியிலயே ஈ-கோலை இருக்கும். அறுத்த இடத்துல எங்க வீட்ல சாணி போட்டதில்லை. மஞ்சள் தண்ணி மனசுக்கு நிம்மதி, கல்லுக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது. டவுன்காரங்க வினிகர் சொல்றாங்க. கத்திக்கு, சின்னப் பலகைக்குச் சரி. ஆனா சாம்பல் மேல ஊத்தினா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு வீணாப் போகும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்துல வினிகரோ எலுமிச்சையோ ஊத்தவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும்.

சுண்ணாம்பு கரைக்கிறவங்க, ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு பத்து லிட்டர் தண்ணின்னு வச்சுக்குங்க. தண்ணியிலதான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும், சுண்ணாம்பு மேல தண்ணி ஊத்தினா கொதிச்சு மூஞ்சியில தெறிக்கும். கண்ணுல பட்டா பார்வை போயிடும், பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அரிச்சிடும். பழைய சுண்ணாம்பு காத்து பட்டே செத்துப்போயிருக்கும், அதுல வேகம் இருக்காது. அன்னைக்கு நீத்துனதுதான் வேலை செய்யும்.

இது எதுக்கும் அடங்காத ஒண்ணு இருக்கு, அடைப்பான். நேத்து சாயங்காலம் வரைக்கும் மேஞ்ச ஆடோ மாடோ காலையில திடீர்னு செத்துக் கிடக்கும். மூக்குல, பின்னாடி உறையாத கருரத்தம் ஒழுகும். அந்தக் கிருமிக்கு வித்து மாதிரி ஒரு வடிவம் உண்டுன்னு ஜெர்மனியில ராபர்ட் கோக் 1876ல காட்டினார். அந்த வித்து மண்ணுல பல பத்து வருஷம் சாகாம கிடக்கும். சாம்பலும் உப்பும் வெயிலும் அதைத் தொடக்கூட முடியாது. இந்த நோய்க்கு ராணிப்பேட்டையில 1932ல ஆரம்பிச்ச கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்துல தடுப்பூசி செய்யிறாங்க. எங்க பெரியவங்க ஊசி வர்றதுக்கு முன்னாடியே ஒரு கட்டுப்பாடு வச்சிருந்தாங்க. தானா செத்ததை அறுக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆட்டு விலை இன்னைக்கு இருக்கிற நிலைமையில, பாதி விலைக்காவது தள்ளிடலாம்னு நினைக்கிறவங்க இப்பவும் இருக்காங்க. அப்படி ஒரு உருப்படி செத்துக் கிடந்தா கத்தி வைக்காதீங்க, தோலும் உரிக்காதீங்க. நாய் நரி கிட்ட வராம காவல் வச்சுட்டு 1962க்கு போன் போட்டு கால்நடை டாக்டரை வரச் சொல்லுங்க.