கற்பிட்டி மணலும் அணிற்கூட்டு மோட்டரும்

கற்பிட்டித் தீபகற்பத்துத் தோட்டங்களுக்கு ஆற்றுப் பாசனம் கிடையாது. குளத்துப் பாசனமும் கிடையாது. மணலுக்கடியில் ஊறும் நன்னீரே அங்கு வெங்காயத்தையும் மிளகாயையும் விளைவிக்கின்றது. அதனை மேலே ஏற்றிய மண்ணெண்ணெய் இயந்திரங்களுக்குத் துணையாக மின்மோட்டர்கள் வந்து சேர்ந்தன. தெற்கே முந்தல், சிலாபம் பகுதிகளின் இறால் பண்ணைகளில் துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றி நீருக்குக் காற்றூட்டுவதும் மோட்டரே.

உப்புக் காற்றும் மணலும் இரும்பை என்ன பாடுபடுத்தும் என்பதைப் புத்தளக் கரையோரத்தவர் அறிவர். அப்படியிருக்க, ஒரு மோட்டர் ஆண்டுக்கணக்காக ஓடுவது எவ்வாறு? மின்மோட்டரின் வரலாற்றை எழுதுவோர் பலரும் 1821இல் மைக்கேல் பரடே காந்தத்தைச் சுற்றிக் கம்பியைச் சுழலச் செய்ததில் தொடங்கி, 1888இல் நிக்கோலா தெஸ்லா பெற்ற காப்புரிமைகளுடன் முடித்துவிடுகின்றனர். என் பார்வையில், நம் கரைக்குப் பயன்பட்ட கதை அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

ஆரம்ப கால மோட்டர்களில் சுழலும் பகுதிக்கு மின்னோட்டத்தைக் கடத்தக் கரித் தூரிகைகள் தேவைப்பட்டன. அவை உராய்ந்து தேயும், பொறி பறக்கும், மணல் புகுந்தால் கெட்டுவிடும். பெர்லினில் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் பணியாற்றிய ரஷ்யப் பொறியியலாளர் மிக்கைல் டொலிவோ-டொப்ரவோல்ஸ்கி, 1889இல் அத்தூரிகைகளுக்கே வேலையில்லாமற் செய்தார். அவரது சுழலிக்கு வெளியிலிருந்து மின் இணைப்பு எதுவுமில்லை. நிலையான பகுதியில் சுழலும் காந்தப்புலம், உள்ளிருக்கும் உலோகச் சட்டங்களில் தானாகவே மின்னோட்டத்தைத் தூண்டும். இரு முனைகளிலும் வளையங்களால் பிணைக்கப்பட்ட அச்சட்டங்கள் அணில் ஓடி விளையாடும் கூண்டைப் போலத் தோன்றியதால் அப்பெயர் நிலைத்தது. 1891இல் லவ்ஃபன் நகரிலிருந்து 175 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிராங்பேர்ட் கண்காட்சிக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டபோது, மோட்டரொன்று நீரை இறைத்துச் செயற்கை நீர்வீழ்ச்சியொன்றை ஓடச் செய்தது. மூன்று கட்ட மின்சாரம் உலகுக்குக் காட்டிய முதல் வித்தைகளுள் ஒன்று நீர் இறைத்தல் என்பது நம் தோட்டக்காரருக்குப் பிடிக்கும் செய்திதான்.

பின்வந்த முன்னேற்றங்கள் பெரும்பாலும் பட்டறையில் பிறந்தவை. அவற்றைச் செய்தோரின் பெயர்கள் பாடநூல்களில் இல்லை. மெல்லிய உருக்குத் தகடுகளை வெட்டி, ஒன்றையொன்று மின்தொடாதவாறு அடுக்கியதால் வீண் வெப்பம் குறைந்தது. சட்டங்களை ஒவ்வொன்றாகப் பற்றவைப்பதற்குப் பதிலாக, உருக்கிய அலுமினியத்தை அழுத்தத்துடன் தகட்டடுக்கின் துளைகளுக்குள் செலுத்தி, கூண்டு முழுவதையும் ஒரே வார்ப்பாக எடுத்தனர். கம்பிகளுக்கு உறுதியான பூச்சு வந்தது. உடலை முழுவதுமாக மூடி, வெளியே விசிறி வைத்துக் குளிர்வித்தனர். உப்புக் காற்றுக்கு உள்ளே செல்ல வழி குறைந்தது. 1897இல் 7.5 குதிரைவலு தந்த மோட்டரைப் பொருத்திய அதே அளவு இடத்தில், பின்னாளில் 100 குதிரைவலு மோட்டரைப் பொருத்த முடிந்தது.

தமிழர் இதில் சேர்ந்துகொண்டது கோயம்புத்தூரில். பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் அங்கு ஆலைகளைப் பெருக்கியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டரை உருவாக்கினர். பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜி.டி. நாயுடுவின் சவரக் கத்தியைப் பற்றிப் பேசும் நாம் இந்த மோட்டரைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை. அந்நகரம் பின்னர் பம்புகளுக்கும் மாவரைக்கும் கிரைண்டர்களுக்கும் பெயர் பெற்றது.

கற்பிட்டியில் ஒரு சிக்கல் உண்டு. அங்குள்ள நன்னீர், கடல்நீரின் மேல் வில்லைபோல் மிதப்பது. நிலநீர் மட்டம் ஒரு மீற்றர் தாழ்ந்தால், கோட்பாட்டளவில் அடியிலுள்ள உவர்நீர் 40 மீற்றர் மேலேறும். கையால் இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது, மோட்டருக்குக் களைப்பில்லை. ஆகவே, இக்கரைக்கு மிக வேண்டிய புதுமை இன்னும் வலிய மோட்டரன்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியே என்பேன். மெதுவாக ஓடும் பம்ப் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும்; கிணறு ஊறும் அளவறிந்து இறைக்கவும் உதவும்.